ஆடும் கொக்கி

"அம்மா, ஆடுறதெல்லாம் பழுதே?"

ஸ்டெபனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியிருந்தது. எமில்டா சமையலறைக் கதிரை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலை இறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"ஓம் பின்னை. ஆடினால் இறுக்கவேணும். இறுக்க ஏலாட்டில் கழட்டி எறியவேணும்."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் உதட்டை மூடியே சிரித்தாள். ஏனென்று எமில்டாவுக்கு விளங்கவில்லை. பல் தானாக விழுந்தது, அந்த இடத்தில் புதியது எட்டிப் பார்த்தது, கேள்வியும் பிள்ளைகளின் மற்றக் கேள்விகளைப் போல மறந்து போயிற்று.

அவசரத்தில் சொல்லிவிடும் பதில்கள் எங்கே போய் ஒளிந்திருக்கும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். எமில்டா சொன்ன பதில் பத்து வருடங்கள் பொறுமையாகக் காத்திருந்தது.

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில், எமில்டா கனடாவில், மல்வேர்ன் பகுதியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். இரும்பு மூக்கு வைத்த புதுச் சப்பாத்து ஓடுவதற்குச் செய்ததல்ல. பஸ் புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட பஸ் பத்தடி போய் நின்றது. கதவு திறந்தது. சாரதி ஒரு சீக்கியப் பெரியவர். அவர் அவளுடைய சப்பாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தச் சின்ன இரக்கம் எமில்டாவுக்கு அன்று ஒரு நல்ல சகுனமாகத் தோன்றியது. 

முப்பத்தொன்பது வயதில் தச்சுத் தொழில் பழகப் போகிறாள். மன்னாரில் இருந்து வந்த நாள் முதல் அவள் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்தவள். அது வேறு நகரத்துக்குப் போய்விட்டது. கோவில் அறிவித்தல் பலகையில் பெண்களுக்கான தச்சுப் பயிற்சி என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தார்கள். முதலில் இடமில்லை என்றார்கள். வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை கழிந்த பிறகு ஒருத்தி விலகிப்போக, அந்த இடத்துக்கு எமில்டாவைக் கூப்பிட்டார்கள்; கருவிகளைப் பற்றிய முதல் பாடங்கள் அவளுக்குத் தவறிவிட்டன. கணவன் அகஸ்ரின் பிறம்ரனில் இருந்து மேற்கு மாகாணங்களுக்கு லொறி ஓடுபவன். செய்தியைக் கேட்டதும் தொலைபேசியில் சிரித்தான்.

"உனக்கென்ன விசரே? மரம் அறுக்கப் போறியோ?" என்றான். பிறகு, "சூசையப்பர் செய்த தொழில்தானே, செய்" என்றான்.

பயிற்சி முடிந்தது. ஆனால் பயிற்சி வேறு, அப்ரென்ரிஸ் என்ற தொழில் பழகுநர் ஆவது வேறு. ஒரு முதலாளி தன் பட்டறையில் அவளைச் சேர்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் அவள் வேலை செய்யும் நேரம் தொழிலாகக் கணக்கில் சேரும். விழாவிட்டால் அவள் மரத்தூள் கூட்டும் கூலிக்காரிதான். ஸ்காபரோவில் அலுமாரிகளும் தட்டுகளும் செய்யும் குலசிங்கம் ஒருவர்தான் "வரச்சொல்லுங்கோ, பாப்பம்" என்று சொல்லியிருந்தார்.

குலசிங்கம் உயரமானவர். காதில் ஒரு பென்சில். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்ப்பார்.

"இங்கை பாரும் தங்கச்சி. ரெண்டு கிழமை பாப்பன். சரியெண்டால் அதுக்கடுத்த திங்கட்கிழமை சைன் வைப்பன். சைன் வைக்கிறதெண்டால் கலியாணம் மாதிரி, ரெண்டு பேருக்கும் கட்டு. முந்தி ஒருத்தனுக்கு அவசரப்பட்டு வைச்சு நான் பட்ட பாடு போதும்."

"ஓம் அண்ணை."

"ஒரு விஷயந்தான். கூடின மரத்தைச் சீவலாம். குறைஞ்ச மரத்தைக் கும்பிடத்தான் வேணும். விளங்குதே?"

"விளங்குது அண்ணை."

அவளுக்கு விளங்கியது பயம் மட்டுந்தான். மரம் அறுக்கும் வாள் சுழலும் சத்தம் காதை மூடினாலும் பல்லுக்குள் கேட்டது. அங்குலத்தை எட்டாகவும் பதினாறாகவும் பிரித்துப் பேசினார்கள். எட்டில் ஒன்றைக் குலசிங்கம் 'ஒரு நூல்' என்பார், பதினாறில் ஒன்றை 'அரை நூல்' என்பார். சென்ரிமீற்றரில் வளர்ந்த எமில்டா மனதுக்குள் ஒரு முறை மாற்றி, திரும்ப ஒரு முறை மாற்றி, கடைசியில் மாதாவைக் கூப்பிட்டாள்.

இதற்குள் இன்னொரு சங்கடம். அவள் மலிவுக் கடையில் வாங்கி வந்த அளவுநாடாவில் அங்குலமே இல்லை. குலசிங்கம் பார்ப்பதற்கு முன் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறுங்கையோடு நின்றாள். அப்போது பக்கத்தில் ஒரு கை நீண்டது. அதில் மஞ்சள் நிறம் உதிர்ந்த பழைய அளவுநாடா ஒன்று இருந்தது.

"இதை வைச்சிருங்கோ அன்ரி. என்னட்டை வான் வண்டிக்குள்ள இன்னொண்டு இருக்கு."

அவன் றொய்சன். கனடாவில் பிறந்த பெடியன், இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். அங்கே மூன்றாம் வருட அப்ரென்ரிஸ்.

"அன்ரியோ? எனக்கு என்ன வயசெண்டு நினைக்கிறீர்?"

"ஐயோ, ட்ரிக் குவெஸ்சன்" என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். "அக்கா எண்டு சொன்னால் அம்மா பேசுவா. அன்ரி எண்டு சொன்னால் நீங்கள் பேசுறியள். நான் என்ன செய்யிறது?"

அந்தப் பட்டறையில் எமில்டா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். முதல் நாளில் ஒருவரைச் சிரிக்க வைப்பதும் ஒரு தருமந்தான். வாங்கியவர் மறப்பதில்லை.

அன்று மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தபடி அவள் அந்த நாடாவை இழுத்து இழுத்துப் பழகினாள். பலகையின் விளிம்பில் கொளுவுவதற்கு நாடாவின் நுனியில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி இருந்தது. அதைத் தொட்டபோது அவளுக்குத் திக்கென்றது. கொக்கி ஆடியது. முன்னுக்கும் பின்னுக்கும், மயிரிழையை விடக் கொஞ்சம் கூடுதலாக. அதைப் பிடித்திருந்த தறையாணிகள் தளர்ந்துவிட்டன என்று நினைத்தாள்.

விமானச் சமையற்கூடத்தில் சாப்பாட்டு வண்டியின் ஒரு தாழ்ப்பாள் ஆடினாலும் சிவப்புத் துண்டு கட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஆகாயத்தில் ஆடுவது ஆளைக் கொல்லும் என்பார் மேற்பார்வையாளர். அத்தனை வருடப் பழக்கம் அவளுடைய விரல்களில் இருந்தது. பாவம் பெடியன், பார்க்காமல் விட்டிருக்கிறான், எனக்கு உதவி செய்தவனுக்கு நான் இதையாவது செய்யவேண்டாமா என்று நினைத்தாள். கொக்கியை உள்ளே தள்ளிப் பிடித்து, இரும்புத் துண்டு ஒன்றின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் தறையாணிகளின் தலையில் நாலைந்து தட்டுத் தட்டினாள். ஆட்டம் நின்றது. கல்லுப் போல இறுகிவிட்டது.

அந்தக் கிழமை முழுவதும் அவளுக்குக் கிடைத்தது உரஞ்சுகிற வேலையும் கூட்டுகிற வேலையுந்தான். அளக்கவேண்டிய தேவை வரவில்லை. அடுத்த கிழமை புதன்கிழமை றொய்சன் வந்து தலையைச் சொறிந்தான். வான் வண்டியில் வைத்திருந்த நாடாவை எங்கோ விட்டுவிட்டானாம்.

"ஒரு நாளைக்குத் தாங்கோ அன்ரி. நாளைக்கு உங்களுக்கு வேறை ஒண்டு கொண்டு வாறன்."

எமில்டா துடைத்துக் கொடுத்தாள். கொக்கியை இறுக்கியதைச் சொல்லவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே படிப்பித்திருந்தார்கள்.

றொய்சன் அன்று வெட்டியது வெள்ளை ஓக் பலகைகள். மிசிசாகாவில் முதியோர் இல்லம் ஒன்றின் வாசிப்பறைக்குப் புத்தகத் தட்டுகள். சட்டங்களைப் பட்டறையிலேயே செய்து நிறுத்தியிருந்தார்கள். தட்டுகள் அவற்றின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் இறுக்கமாகப் போய் உட்காரவேண்டும். இந்த முறை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துகிற வேலையைக் குலசிங்கம் றொய்சனின் பொறுப்பில் விட்டிருந்தார். அவனுக்கு அது முதல் தடவை. அவனுடைய அம்மா அதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாக அவனே சொல்லிச் சிரித்திருந்தான்.

அவன் நாடாவைக் கொளுவி முதல் பலகையில் அடையாளம் போட்டு வெட்டினான். வாளுக்குப் பக்கத்தில் அந்த அளவுக்கு ஒரு கட்டையைத் தடுப்பாக இறுக்கினான். மற்றப் பலகைகளையும் அதே அளவில் மளமளவென்று வெட்டி அடுக்கினான். ஓக் தூள் வறுத்த கச்சான் கடலை போல மணத்தது. பார்க்க அழகாக இருந்தது. தானும் ஒரு நாள் இப்படி வெட்டவேண்டும் என்று எமில்டா கூட்டும் தும்புத்தடியைப் பிடித்தபடி நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை குலசிங்கம் ஒரு தட்டை எடுத்துச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார். வைத்தவர் குனிந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு தடித்த காகித மட்டையை எடுத்து, தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டார். அது தடையில்லாமல் போயிற்று.

"றொய்சன்! என்ன உது?"

வாள் நின்றது. 

அடுத்த தட்டு. அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாம் அரை நூல் குறைவு.

எமில்டா தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். நான் ஏதாவது செய்தேனா, அதிகமாக உரஞ்சிவிட்டேனா, தடுப்புக் கட்டையைத் தட்டிவிட்டேனா? இரண்டு கிழமையில் தான் தொட்ட ஒவ்வொரு பொருளையும் மனதுக்குள் தடவித் தடவிப் பார்த்தாள். திங்கட்கிழமை கையெழுத்து.

றொய்சன் முகம் வெளிறி, குலசிங்கத்தின் நாடாவை வாங்கித் தட்டை அளந்தான். பிறகு தன்னுடையதால் அளந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தான். அவனுடைய பெருவிரல் கொக்கியில் போய் நின்றது. தறையாணிகளின் தலையில் புதிதாக மினுங்கும் சுத்தியல் தழும்பை அவன் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுடைய கண் எமில்டாவிடம் வந்து போனது. நாடாவை மெல்லச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் போட்டான்.

"சொறி அங்கிள். மை பேட். நான்தான் பிழையாப் பிடிச்சிட்டன்."

"மூண்டாம் வருஷம்! மூண்டாம் வருஷப் பெடியன் பிழையாப் பிடிச்சிட்டன் எண்டு நிக்கிறான்! அந்தா, அவ வந்து ரெண்டு கிழமை. அவ செய்திருந்தாலும் நான் சரியெண்டிருப்பனோ? வாசலைத்தான் காட்டியிருப்பன்." குலசிங்கம் மட்டையைத் தூக்கி எறிந்தார். "மிசிசாகாவுக்கு நான் வேறை ஆளைப் பாக்கிறன். நீ இங்கை நிண்டு கூட்டு."

"ஓம் அங்கிள்."

எமில்டாவின் நெஞ்சில் இருந்து ஒரு பெருமூச்சு கழன்றது. தப்பினேன் மாதாவே, என் பிழை இல்லை. அடுத்த மூச்சில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒருவன் விழுந்த இடத்தில் நின்று நான் விழவில்லை என்று சந்தோஷப்படலாமா?

தேத்தண்ணி நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "தம்பி, மனம் விடாதையும்."

"ஐ'ம் ஃபைன் அன்ரி" என்றான் அவன். தும்புத்தடியைத் துப்பாக்கி போலத் தோளில் வைத்துக் காட்டினான். ஆனால் கண் சிரிக்கவில்லை. "மண்டே உங்கடை சைனிங். அதை மட்டும் யோசியுங்கோ. வேறை ஒண்டையும் யோசிக்காதேங்கோ."

அந்தப் பெடியனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை ஸ்டெபனியையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய கருவிக்கடைக்குப் போனாள். நல்லதாக ஒரு அளவுநாடா வாங்கிக் கொடுத்தால், இனிமேலாவது பிழை வராது அல்லவா?

சுவர் நிறைய நாடாக்கள் தொங்கின. ஒன்றை எடுத்து நுனியைத் தொட்டாள். கொக்கி ஆடியது. திரும்பக் கொளுவிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் ஆடியது. அதை விடத் திறமானது, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய பெரியது. அதுவும் ஆடியது.

"இந்தக் கடையிலை எல்லாம் பழுது" என்றாள் எரிச்சலோடு. "வா, வேறை கடைக்குப் போவம்."

"அம்மா, எல்லாமே எப்பிடிப் பழுதா இருக்கும்?" ஸ்டெபனிக்கு இப்போது பதினேழு வயது. அம்மாவை வெளியில் கூட்டிக்கொண்டு போனால் சத்தமாகக் கதைப்பாள் என்று கொஞ்சம் வெட்கப்படும் வயது. அவள் ஒரு நாடாவை வாங்கி, கடைத் தட்டின் உள்சுவரில் நுனியை முட்டிப் பார்த்தாள். பிறகு வெளி விளிம்பில் கொளுவி இழுத்துப் பார்த்தாள். "பாருங்கோ. முட்டேக்கை கொக்கி உள்ளுக்குப் போகுது. கொளுவி இழுக்கேக்கை வெளியிலை வருது. கொக்கியின்ரை தடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஆடுது. அப்பத்தான் ரெண்டு பக்கமும் அளவு சரியா வரும். இட்ஸ் மேட் லைக் தற், அம்மா. அது ஆடத்தான் வேணும்."

எமில்டா நாடாவை வாங்கித் தானும் முட்டினாள். தானும் இழுத்தாள். கடைக்குள் ஆட்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரோ பெயின்ற் கலக்கும் இயந்திரத்தைப் போட்டார்கள். அவளுக்கு எல்லாம் தூரத்தில் கேட்டது. சுத்தியலின் நாலைந்து தட்டு மட்டும் கிட்டத்தில் கேட்டது. ஆட்டத்தை நிறுத்திய கொக்கி, இழுத்தாலும் தன் தடிப்பளவு வெளியில் வராத கொக்கி. கொளுவி வெட்டிய பலகைகள். எல்லாம் அரை நூல் குறைவு. அவனுடைய பெருவிரல். அந்த ஒரு கணப் பார்வை.

அவனுக்குத் தெரியும். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் கடையில், நாடாக்களுக்கு முன்னால், எப்போதோ கேட்ட ஒரு சின்னக் குரல் திரும்பவும் கேட்டது. அம்மா, ஆடுறதெல்லாம் பழுதே?

"அம்மா, ஏன் இப்பிடி முழிக்கிறியள்? வாங்குறியளோ இல்லையோ?"

"இல்லை பிள்ளை. வா, போவம்" என்றாள் எமில்டா.

இரவு அகஸ்ரின் மனிற்றோபாவில் எங்கோ லொறியை நிறுத்திவிட்டுத் தொலைபேசி எடுத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் அல்ல. குடும்பத்துக்காகப் பனியில் ஓடித் திரிகிறவன். அவனும் தன் அறிவுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"இப்ப ஒண்டும் வாயைத் திறக்காதை. திங்கள் சைன் வைக்கட்டும். ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு. அந்தப் பெடியன் தானாத்தானே விரும்பி ஏத்தவன்?"

அது நியாயமாகத்தான் பட்டது. பாவம் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் அதை அடையாளம் காண்பது கடினம். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் மிசிசாகா வேலை முடிந்திருக்கும். அவன் இழந்தது இழந்ததுதான். இன்றைக்கே சொன்னால் தன் கையெழுத்துப் போய்விடும். வேறு எந்தப் பட்டறை முப்பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சேர்க்கும்? ஸ்டெபனியின் படிப்பு, வீட்டு வாடகை, அகஸ்ரின் வீட்டுக்கு வராத இரவுகள். எல்லாம் வரிசையில் வந்து கட்டிலைச் சுற்றி நின்றன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வெளியேறிய பிறகும் அவள் சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் நின்றாள். அவரைப் பற்றிக் கோவிலில் சொல்வதற்கு அதிகமில்லை. அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. தச்சர். நீதிமான். குற்றம் என்று தான் நினைத்ததைக்கூட ஊரறியச் சொல்லித் தனக்கு நிச்சயித்த பெண்ணை அவமானப்படுத்த மனம் வராதவர். எமில்டா இதை கிறிஸ்மஸுக்கு முந்திய எத்தனையோ திருவருகைக் காலங்களில் கேட்டிருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருவரைத் தன் கண்ணாலேயே பார்ப்பாள் என்று நினைத்ததில்லை, அதுவும் காதில் பாட்டுக் கேட்கும் குமிழைக் கொளுவிக்கொண்டு, தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு.

'எனக்குத் தைரியம் தாரும்' என்று அவள் கேட்கவில்லை. 'பஸ்ஸிலை ஏறும் மட்டும் மனம் மாறாமல் பாத்துக்கொள்ளும்' என்றுதான் கேட்டாள்.

திங்கட்கிழமை மனம் மாறவில்லை.  குலசிங்கம் தன் கந்தோர் அறையில் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுக்கொண்டு நின்றார். மேசையில் ஒப்பந்தத் தாள்கள் விரித்தபடி இருந்தன. மேலே ஒரு பேனை, மூடி கழற்றியது.

"வாரும், வாரும். ரெண்டு கிழமை ஒரு முறைப்பாடும் இல்லை. இரும்."

"அண்ணை, முதல் ஒண்டு சொல்லவேணும்."

அவள் நின்றபடியே சொன்னாள். றொய்சன் நாடாவைக் கடன் கொடுத்தது, கொக்கி ஆடியது, சுத்தியல், சனிக்கிழமை கடை. எதையும் குறைக்கவில்லை. தனக்குச் சாதகமாக எதையும் கூட்டவும் இல்லை. சொல்லி முடிக்கும்போது கேத்தில் கொதித்து விசிலடித்தது. குலசிங்கம் அதை நிறுத்த மறந்து நின்றார். கடைசியில் எமில்டாதான் எட்டி அதை நிறுத்தினாள்.

"நீர் சொல்லாட்டில் எனக்குத் தெரிஞ்சிராது" என்றார் அவர்.

"ஓம் அண்ணை."

"அவன் ஏன் சொல்லேல்லை? விசரனே அவன்?"

எமில்டா மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். குலசிங்கமும் பார்த்தார். அவருக்கு விளங்கியது. கதிரையில் உட்கார்ந்து, காதுப் பென்சிலை எடுத்து, அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பவும் காதில் செருகினார்.

"கொக்கியை அடிச்சு இறுக்கின ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். சிரிக்கவில்லை. "நல்ல ஓக் மரம், தங்கச்சி. திரும்ப வெட்ட ஆளைப் பிடிக்கும், நேரத்தைப் பிடிக்கும். உம்மை நம்பாமல் சொல்லேல்லை. ஆனால் இண்டைக்கு நான் இதிலை சைன் வைச்சால் எனக்கே பிழையாத் தெரியும்." பேனையை எடுத்து மூடினார். அந்தச் சின்னச் சத்தம் எமில்டாவின் நெஞ்சில் போய் விழுந்தது. "தைப்பொங்கல் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு கதைப்பம்."

வாசலைக் காட்டவில்லை. ஆனால் இன்னும் எத்தனை காலை இப்படிக் காத்திருக்கவேண்டும்! அவள் தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அண்ணை, மிசிசாகா வேலை அவருக்குத்தான் குடுக்கவேணும். நான் வந்து சொன்னதெண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால், எனக்குச் சைன் கிடைக்காதது தன்னாலை எண்டு நினைப்பார்."

"அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள் யோசிச்சு மனம் மாறினதெண்டு சொல்லுங்கோ."

"நான் மனம் மாறினதெண்டால் அவன் அம்புலன்ஸுக்கெல்லோ அடிப்பான்" என்றார் குலசிங்கம். அப்போதுதான் அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது. தாள்களை எடுத்துக் கிழிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

புதிய தட்டுகள் புதன்கிழமை தயாராகின. இந்த முறை றொய்சன் குலசிங்கத்தின் நாடாவால் அளந்து வெட்டினான். ஒவ்வொரு தட்டும் சட்டத்துக்குள் 'டப்' என்று போய் உட்கார்ந்தது. வியாழக்கிழமை காலை குலசிங்கம் வான் வண்டியில் இருந்து கத்தினார்.

"டேய், ஏறடா! மிசிசாகாவிலை உனக்கு வெத்திலை வைச்சுக் கூப்பிடவேணுமே? இண்டைக்கு நீதான் பெரியாள், நான் சாமான் தூக்கிறன்."

றொய்சன் தும்புத்தடியோடு திகைத்து நின்றான். "அங்கிள், ஆர் யூ ஓகே?"

"கேள்வி கேட்டால் மனம் திரும்பவும் மாறும்."

அவன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடினான். வாசலில் திரும்பி, "அன்ரி! உங்கடை சைனிங் எப்பிடி?" என்று கேட்டான்.

"அது நடக்கும். நீர் போய் உம்மடை வேலையைப் பாரும்" என்றாள் எமில்டா.

வான் போனது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. உயரத்துக் கண்ணாடிகளால் வந்த வெயிலில் மரத்தூள் மிதந்தது. எமில்டா பெரிய கதவைச் சாத்தினாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனின் பையில் கைவிட்டாள். மஞ்சள் உதிர்ந்த அந்தப் பழைய நாடா அங்கேதான் இருந்தது. எறியவும் மனமில்லாமல், பாவிக்கவும் முடியாமல் அவன் வைத்திருந்தான்.

வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். மெல்லிய அரத்தால் தறையாணிகளின் நசுங்கிய தலையை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூசு தூசாக உரஞ்சினாள். ஒடுக்கமான ஒரு திருப்புளியைக் கொக்கிக்கு அடியில் விட்டு மெல்ல நெம்பினாள். அசையவில்லை. திரும்ப உரஞ்சினாள். அரம் ஒருமுறை வழுக்கி விரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் நெம்பினாள். அடித்து இறுக்கியது ஒரு நிமிட வேலை. அதை அவிழ்ப்பதற்குள் வெயில் மேசையின் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் போய்விட்டது.

கடைசியில் கொக்கி 'டிக்' என்றது.

அரை நூல் குறைந்து வீணான ஓக் தட்டுகளில் ஒன்றை எடுத்தாள். விளிம்பில் கொளுவி அளந்தாள். பிறகு தட்டைச் சுவரோடு முட்டி நிறுத்தி, நாடாவின் நுனியையும் சுவரில் முட்டி அளந்தாள். குலசிங்கத்தின் மேசையில் கிடந்த நாடாவாலும் அளந்தாள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தன. தட்டு இன்னமும் அரை நூல் குறைவுதான், ஆனால் நாடா இப்போது உண்மையைச் சொன்னது.

துடைத்து, சுருட்டி, எடுத்த பையிலேயே திரும்ப வைத்தாள். கையை எடுப்பதற்கு முன் ஒருமுறை நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆடியது.

எமில்டா அரத்தூளை உள்ளங்கையில் வழித்துக் குப்பைக்குள் போட்டாள். பிறகு தும்புத்தடியை எடுத்து, பட்டறையின் அந்தக் கோடியில் இருந்து கூட்டத் தொடங்கினாள்.